ரிப்போர்ட் நார்மல், விரல் மட்டும் மடங்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 41. கரூரில் ஜவுளி யூனிட் ஒன்றில் தையல் வேலை. ஐந்து மாதமாக இரண்டு கை விரல் மொளிகள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என எல்லா இடத்திலும் வலி. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. எட்டு மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் ஆசிட் 5.1, ஏ.எஸ்.ஓ. 400, ஈ.எஸ்.ஆர். 42, ஹீமோகுளோபின் 9.6. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஒரு டாக்டர் கால்சியம் குறைவு என்றார். இன்னொருவர் ஏ.எஸ்.ஓ.வைப் பார்த்துவிட்டு 21 நாளுக்கு ஒரு ஊசி போடச் சொன்னார். நடுவில் ஒருவர் கொடுத்த பொடி மூன்றே நாளில் வலியை எடுத்துவிட்டது. ஒரு மாதம் சாப்பிட்டு நிறுத்தினேன். இப்போது முன்பைவிட மோசம். வீட்டில் ‘எல்லாம் நார்மல்தானே’ என்கிறார்கள். எனக்கு வந்திருப்பது சரவாங்கியா, இல்லையா?
— பெயர் வேண்டாம், கரூர்

பதில்: கடிதத்தை வைத்து ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடியாது. ஆனால் ‘எல்லாம் நார்மல்’ என்பது தவறு. ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு எட்டு மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது என்றால், அந்த மூன்று மணி நேர இறுக்கம் உங்கள் கையில் இருக்கும் எந்த ரிப்போர்ட்டையும்விடப் பெரிய தடயம். மூட்டுத் தேய்மானத்திலும் காலையில் இறுக்கம் வரும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். உங்களுக்கோ இறுக்கம் மணிக்கணக்கில் நீடிக்கிறது. அழற்சியால் வரும் மூட்டுவாதம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

முதலில் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்போம். சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் உறுதியானவர்களிலேயே பத்தில் இரண்டு மூன்று பேருக்கு, அந்நோய்க்கென்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் இருக்கும். மறுபக்கம், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, ஏன், வயதான ஆரோக்கியமானவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரலாம். அதனால் அந்த ஒரு வரியை வைத்து யாரையும் நோயாளியாக்கவும் கூடாது, விடுவிக்கவும் கூடாது. ஆரம்ப மாதங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் வழக்கம்தான். எலும்பு அரிக்கத் தொடங்கிய பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். அதற்கு முன்பே மூட்டுச் சவ்வு வீங்கியிருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும்.

அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர். 42-க்கு வருவோம். பெண்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். உங்களுக்கு அது 25 அல்லது 26. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஹீமோகுளோபின் 9.6 என்கிறீர்களே, ரத்தச்சோகையும் ஈ.எஸ்.ஆரை ஏற்றிக் காட்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சி.ஆர்.பி. என்ற இன்னொரு அழற்சிப் பரிசோதனை; அதை ரத்தச்சோகை அவ்வளவாகக் கெடுக்காது. அதை இதுவரை யாரும் எழுதித் தராதது வியப்புதான்.

ஏ.எஸ்.ஓ. 400 என்பது எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையைத் தொட்டுவிட்டுப் போனதற்கான தடம், அவ்வளவே. அந்தக் கிருமி தொற்றிய பிறகு சிலருக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். முழங்கால், கணுக்கால் என்று பெரிய மூட்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், சில வாரங்களில் அடங்கிவிடும். ஐந்து மாதமாக விரல் மொளிகளிலேயே உட்கார்ந்திருக்கும் வலிக்கும் அதற்கும் பொருத்தமில்லை. இதய வால்வுக் கோளாறு இல்லையென்றால், ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கப் போடும் அந்த 21 நாள் ஊசியைத் தொடங்கும் முன் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். கால்சியம் குறைந்தால் மரத்துப்போகும், தசை பிடித்து இழுக்கும், மொளி வீங்காது.

பொடி விஷயம் கொஞ்சம் தீவிரமானது. மூன்று நாளில் வலி பறந்து, நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றே சந்தேகிக்க வேண்டும். அந்த மாதத்தில் பசி கூடியதா, முகம் உப்பியதா என்று யோசித்துப் பாருங்கள். மீதிப் பொடியைக் கொட்டிவிடாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது வீக்கமும் சி.ஆர்.பி.யும் அடங்கி, நோய் ஒளிந்துகொள்ளும். வேறொரு ஆபத்தும் உண்டு. சில வாரங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துவிடும். நிறுத்திய பிறகு தலைசுற்றல், வாந்தி, எழவே முடியாத அசதி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படியொரு பொடியை மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பயந்து சட்டென்று நிறுத்த வேண்டாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது உங்கள் நேர்க் கேள்வி. முடக்குவாதத்துக்கு 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறை வகுத்தன. மொத்தம் 10, 6 வந்தால் முடக்குவாதக் கணக்கில் சேரும். ஆராய்ச்சிக்காகச் செய்தது என்றாலும் டாக்டர்களுக்கு நல்ல வழிகாட்டி. ஒரு மூட்டிலாவது உண்மையான வீக்கத்தை டாக்டர் கையால் தொட்டு உணர்ந்திருக்க வேண்டும், அந்த வீக்கத்துக்கு வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. அதன் பிறகே கணக்கு தொடங்கும். சிறு மூட்டுகளையும் சேர்த்து பத்துக்கு மேல் பாதிப்பு என்றால் 5. ஆறு வாரம் தாண்டியிருந்தால் 1. ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1. ஆக, ஆர்.ஏ. ஃபேக்டருக்குப் பூஜ்யம் போட்டாலும் 7 வந்துவிடுகிறது! நான்கு முதல் பத்து சிறு மூட்டுகள்தான் என்றால் 3 மட்டுமே. கூட்டினால் 5-இல் நிற்கும். அப்போது ஆன்ட்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையோ அல்ட்ராசவுண்டோதான் தீர்ப்புச் சொல்லும். அதனால் மூட்டுகளை எண்ணுவது முக்கியம். நகத்தை ஒட்டிய மொளி, கை கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டு, கால் பெருவிரலின் அடிமூட்டு ஆகியவற்றை எண்ண வேண்டாம். அவை தேய்மானத்தின் வழக்கமான இடங்கள்.

வீக்கத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வெளிச்சத்தில் முஷ்டி பிடியுங்கள். விரல் கையோடு சேரும் மொளிகளுக்கு நடுவே பள்ளம் தெரிய வேண்டும். பள்ளம் தூர்ந்து மேடுகள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் அது வீக்கம். தொட்டால் ரப்பர் போல அமுங்கினால் சவ்வு வீங்கியிருக்கிறது; கல்லுப் போல இருந்தால் எலும்பு முண்டு. கை குலுக்குவதுபோல் ஒருவர் அந்த மொளி வரிசையைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தும்போதே உயிர் போனால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்த அரை மணிக்குள், ஜன்னலோரம், தேதியோடு இரண்டு கையையும் போட்டோ எடுத்து வையுங்கள். மதியம் டோக்கன் வந்து டாக்டரைப் பார்க்கும்போது வீக்கம் வடிந்திருக்கும், போட்டோதான் சாட்சி. இரண்டு வாரம் நோட்டில் இவ்வளவு போதும்: எழுந்த நேரம், ஜாக்கெட் ஹூக் போட முடிந்த நேரம், வளையல் ஏறியதா, மெட்டி கழன்றதா, எந்த மாத்திரை எத்தனை.

பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நோய் நிபுணர். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு. திருச்சியிலும் கோவையிலும் இருக்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கென்றே தனித் துறை உண்டு. அவர் சி.ஆர்.பி., ஆன்ட்டி சி.சி.பி. தவிர தைராய்டு, ஹெபடைட்டிஸ் பி, சி, சிறுநீர்ப் பரிசோதனை கேட்கக்கூடும்; அவற்றை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். வலி தொடங்கும் முன் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லுங்கள், சிக்குன்குனியா மாதக்கணக்கில் இதே வேஷம் போடும். தலையில் விடாப்பிடியான செதில், நகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால் சோரியாசிஸ் என்ற தோல்நோயோடு வரும் மூட்டுவாதத்தை யோசிப்பார்கள். வாய்ப்புண், முடி கொட்டுதல், வெயிலில் முகம் சிவத்தல் இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயை. குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் அப்போது கூடாது.

அதுவரை வலி மாத்திரையில் ஒரு கவனம். மெடிக்கலில் தரும் அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதற்கு மேல் பாராசிட்டமால் 650-ஐயும் போட்டால் ஒரே வேளையில் 975 ஆகிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிக்ளோஃபினாக்கோடு டைக்ளோஃபினாக்கைச் சேர்க்கவே வேண்டாம். வலி அதனால் கூடுதலாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

காலையில் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் பத்து முறை மடக்கி விரியுங்கள். மூட்டு தொட்டால் கொதிக்கிறது என்றால் அன்றைக்கு வெந்நீர் வேண்டாம், குளிர்ந்த துணி ஒத்தடம். வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு முறுக்கி நீவ விடாதீர்கள். துணி வெட்டும் கத்தரியைச் சாணை பிடித்து, நடு ஆணியைச் சற்றுத் தளர்த்துங்கள்; மழுங்கிய கத்தரி மொளிக்கு விழும் பாரத்தைக் கூட்டும். நூல் வெட்ட ஸ்பிரிங் வைத்த சின்ன ட்ரிம்மர் போதும். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி முறுக்கினால் வேலை முன்னங்கைக்குப் போய்விடும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், பருப்பு எதையும் நிறுத்த வேண்டியதில்லை, ஹீமோகுளோபின் 9.6-க்கு நீங்கள் நன்றாகச் சாப்பிடத்தான் வேண்டும்.

ஏதாவது ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவு.

முடக்குவாதம் என்று முடிவானால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்டில் தொடங்குவார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து அது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. என்ன கிழமை என்று டாக்டரையே சீட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், மெடிக்கலில் வாங்கியதும் அட்டையிலும் எழுதிவிடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ‘இப்போதைக்குப் பெயர் வைக்க முடியவில்லை’ என்று டாக்டர் சொன்னாலும் கை கழுவிவிட்டதாக நினைக்காதீர்கள். சிலருக்கு அந்த மூட்டுவாதம் தானாகவே அடங்குவதும் உண்டு, சிலருக்கு மெல்ல முழு உருவம் எடுப்பதும் உண்டு. அறையைவிட்டு வெளியே வரும் முன் அடுத்த பரிசோதனைக்கு ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டை அதுவரை தொடருங்கள்.