இழுக்கும் எஞ்சினா, தாங்கும் வண்டியா?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் நகரில் வசிக்கிறோம். என்னிடம் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் கொண்ட செவர்லே டாஹோ எஸ்யூவி இருக்கிறது. சாமான்களுடன் அதிகபட்சம் 7,600 பவுண்டு எடையுள்ள, உள்ளே தங்கும் வசதி கொண்ட டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கி, ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் சேர்த்து ஆறு பேராகக் கோடையில் கொலராடோ மலைகளுக்குப் போக எண்ணம். டாஹோ 8,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். அது போதுமா, 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் என்ற டர்போ எஞ்சின் உள்ள ஃபோர்டு எக்ஸ்பெடிஷனுக்கோ டிரக்குக்கோ மாற வேண்டுமா?

பதில்: எஞ்சினைப் பற்றிப் பேசுமுன், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் வெள்ளை மஞ்சள் நிறச் சீட்டைப் பாருங்கள். ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் வண்டியில் அது 1,600 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் சுமார் 850 பவுண்டு. டிரெய்லர் ஆடாமல் வர வேண்டுமானால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மீது அழுந்த வேண்டும். 12 சதவீதம் என்றாலே 912 பவுண்டு; அதுவும் உங்கள் வண்டி தாங்கும் சுமையில் சேரும். எடையைப் பகிரும் கொக்கி அமைப்புக்கு ஏறத்தாழ 80. ஆக மொத்தம் 1,842. ஒரு ஐஸ் பெட்டிகூட ஏற்றாத நிலையிலேயே வரம்பு மீறிவிட்டது. விற்பனையாளர் சொல்லும் இழுவை எண் பொய்யல்ல. ஆனால் அது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டும் அமர்ந்திருப்பதாகக் கொண்டு கணக்கிடப்படுவது. எக்ஸ்பெடிஷனின் தாங்கும் அளவும் பெரும்பாலும் இந்த 1,600 பவுண்டை ஒட்டியதே என்பதால், அதற்கு மாறுவதால் இந்தக் கணக்கு தீராது.

மலையில்தான் எஞ்சின்களின் வேறுபாடு தெரியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதத் திறனை இழக்கிறது. டென்வருக்கு மேற்கே, 11,000 அடிக்கு மேலிருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதையை நெருங்கும்போது, உங்கள் 5.3 லிட்டர் எஞ்சினின் 355 குதிரைத்திறன் ஏறத்தாழ 240 ஆகிவிடும். கியர் மாறி மாறி விழ, எஞ்சின் இரைந்துகொண்டே ஏறும். ஃபோர்டின் எஃப்-150 டிரக்கில் வரும் எக்கோபூஸ்ட் நிமிடத்துக்கு 3,100 சுழற்சியிலேயே 500 பவுண்டு-அடி முறுக்குவிசை தருவதோடு, டர்போ காற்றை அழுத்தித் தருவதால் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. ஏற்றத்துக்கு அதுவே மேல். இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து வைக்கச் சிறிய டர்போவைவிடப் பெரிய வி8 உதவும். வெளியேறும் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் புகைபோக்கி பிரேக் உள்ள டீசல் இரண்டையும் மிஞ்சும்.

ஆனாலும் உங்களுக்கு டீசலைச் சொல்லமாட்டேன். எஃப்-250 போன்ற கனரக பிக்கப்பில் டீசல் எஞ்சினின் சொந்த எடையே தாங்கும் அளவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இந்த டிரெய்லர்தான் வேண்டுமென்றால், 7.3 லிட்டர் பெட்ரோல் எஃப்-250 அல்லது 6.6 லிட்டர் பெட்ரோல் சில்வராடோ 2500, முன்வரிசையில் மூவர் அமரும் நீள இருக்கையுடன் பொருத்தமாக இருக்கும். ஆனால் அவற்றின் உயரமான படியில் வயதான பெற்றோர் ஒரு நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

என் விருப்பம், முழுச் சுமையுடன் 5,000 பவுண்டைத் தாண்டாத டிரெய்லர். கொக்கியில் 600, ஆட்கள் 850, அமைப்பு 80 என 1,530-க்குள் அடங்கும். பின்பெட்டியை ஏறக்குறையக் காலியாக விட்டு, சாமான்களை டிரெய்லரிலேயே வைக்க வேண்டியிருக்கும். ஏற்றத்தில் வலது தடத்தில் மெதுவாகத்தான் போக முடியும். டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள். புறப்படுமுன் ஆறு பேரும் ஏறி, டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு, ஏதாவதொரு டிரக் ஸ்டாப்பின் எடைமேடையில் நிறுத்தி, ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே எடுத்து, கதவுத் தூணில் எழுதியிருக்கும் அச்சு வரம்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.