பூஞ்சை மருந்தும் வெள்ளணுவும்

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர். அப்பா கரிமூட்டத்துக்குச் சீமைக் கருவேலம் வெட்டுகிறவர். போன மாதம் கண்ணில் முள் உரசிவிட்டது. கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. அப்புறம் கருவிழியில் வெள்ளை படர்ந்தது. மதுரையில் சுரண்டிப் பார்த்துப் பூஞ்சை என்றார்கள். நாடாமைசின் சொட்டு, மணிக்கு ஒரு தடவை. சர்க்கரையையும் குறைக்கச் சொல்கிறார்கள். பூஞ்சையைக் கொல்லத்தான் மருந்து இருக்கிறதே, சர்க்கரை எதற்கு இதில்? முதல் மருந்து ஏன் கெடுத்தது?

வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள தம்பி,

நாடாமைசின் நல்ல மருந்துதான். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை அது முந்தியது. முக்கியமாக ஃபுசேரியம் என்ற பூஞ்சையில். ஆனால் அது கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. உள்ளே போய்விட்ட இழைகளை யார் பார்ப்பது? நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள்தான். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, ஓரத்திலிருந்துதான் அவை ஊர்ந்து வர வேண்டும். பூஞ்சை இழை அவற்றைவிடப் பல மடங்கு நீளம், விழுங்க முடியாது. அதனால் சுற்றிக் கூடி, நச்சையும் நொதிகளையும் அதன்மேல் கொட்டுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இந்த அணுக்கள் மந்தமாகிவிடும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

மருந்தும் அணுவும் சேர்ந்து வேலை செய்வது கண்ணோடு நிற்பதில்லை. நுரையீரலைப் பிடிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைப் பாருங்கள். அதன் சுவரில் பீட்டா குளூக்கான் என்று ஒரு பொருள் உண்டு. அதைக் கண்டால் வெள்ளணு உடனே அடையாளம் தெரிந்துகொள்ளும். பூஞ்சையோ அதை மேல்பூச்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறது. கேஸ்போஃபங்கின் என்ற மருந்து சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கும்போது ஒளித்தது வெளியே வந்துவிடுகிறது, வெள்ளணுக்களின் தாக்குதலும் கூடுகிறது. போசகோனசோல் என்ற மருந்தின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும்: அந்த மருந்து வெள்ளணுவுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு, வெள்ளணு போகும் இடத்துக்குப் போய்ப் பூஞ்சையில் ஏறுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். 2021இல் கருப்புப் பூஞ்சைக்கு ஏற்றிய ஆம்போடெரிசின் வேறு மாதிரி. அது நம் அணுக்களையும் நேரடியாகக் கிளறிவிடும். மருந்து ஏறும்போது சிலருக்குக் குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போட்டது அதனால்தான்.

சரி, முதல் சொட்டு மருந்து. பெயரை நீங்கள் எழுதவில்லை. இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது என்பதால் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். சிவப்பும் வலியும் வெள்ளணுக்கள் வந்து சேர்ந்ததன் அடையாளம். ஸ்டீராய்டு அவற்றைத் தடுத்துவிடும். கண் தெளிந்த மாதிரி இருக்கும், பூஞ்சை தடையில்லாமல் வளரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கையில் கொடுப்பது அநியாயம்.

ஆனால் வெள்ளணுவும் முழு யோக்கியன் இல்லை. அது கொட்டும் நொதிகள் கருவிழியையும் கரைக்கும். பூஞ்சை போன பிறகும் தழும்பு நிற்பதற்கு அது பாதிக் காரணம். அதனால் பின்னால் ஒரு கட்டத்தில் மருத்துவரே அழற்சியைக் குறைக்க நினைக்கலாம். அதை விளக்கு வைத்துக் கண்ணைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். அதுவரை, வலி குறைந்துவிட்டது என்று அப்பா சொன்னாலும் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். வலி முதலில் போகும், பூஞ்சை போக வாரக்கணக்கில் ஆகும்.