ரயில் நிலையத்தின் பக்கத்தில் காசில்லாமல் உட்கார இடம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. காத்திருப்பு அறை நிரம்பி வழிகிறது, வெளியே எங்கு பார்த்தாலும் கடைதான். எதுவும் வாங்காமல் எங்கே உட்காருவது?

பதில்: முதலில் முன்வாசலை விட்டு நகருங்கள். ஒவ்வொரு அடிக்கும் வாடகை வருகிற இடத்தில் பெஞ்ச் போட யாருக்கும் மனசு வராது. பின்வாசல் பக்கம் பெரும்பாலும் கூட்டம் குறைவு. நடக்கிற தூரத்தில் பொது நூலகம் இருந்தால் நேராக அங்கே போங்கள். என் முதல் தேர்வு எப்போதும் அதுதான். நிழல் உண்டு, நாற்காலி உண்டு, ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உறுப்பினர் அட்டை பொதுவாகப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான், உள்ளே உட்கார்ந்து படிக்க அல்ல. விடுமுறை நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி சார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடிவதில்லை.

பதில்: அம்மாவுக்கு இருக்கை கிடைத்தால் மட்டும் போதாது, உயரமும் சரியாக இருக்க வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்கும்போது முழங்கால் இடுப்பை விட மேலே போனால் அந்த பெஞ்ச் தாழ்வானது. எழும்போது மொத்த பாரமும் முழங்காலில்தான் இறங்கும். சுமார் 45 செ.மீ. உயரம் பலருக்கும் ஒத்துவரும். மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை, படிக்கட்டு, செடித்தொட்டி விளிம்பு எல்லாம் உங்களுக்குச் சரி, அவருக்கு வேண்டாம்.

கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெஞ்சின் நடுவில் கம்பி வைப்பது யாரும் படுக்கக் கூடாது என்பதற்காகத்தான், எனக்கு அது பிடிக்காத வழக்கம். ஆனாலும் அம்மா கையை ஊன்றி எழ அந்தக் கம்பி உதவும். எழும்போது இருக்கையின் முனைக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். சாய்ந்து நிற்க மட்டும் வைத்திருக்கும் சரிவான கம்பிகளை நம்ப வேண்டாம். அதில் கால் ஓயவே ஓயாது.

கேள்வி: பெரிய அலுவலகக் கட்டடத்தின் முன்னால் பெஞ்சுகள் இருக்கின்றன. உட்காரலாமா, காவலாளி விரட்டுவாரா?

பதில்: சில நகரங்களில் அது உங்களுக்காகவே விட்ட இடம். நியூயார்க்கில் 1961-இல் வந்த விதிப்படி, பொதுமக்களுக்குத் திறந்த முற்றம் விட்டவர்களுக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி கிடைத்தது. வேறு நகரங்களிலும் இப்படி ஏற்பாடுகள் உண்டு. வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காவலாளியிடமே கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு உட்காருபவரை விரட்டுவது அபூர்வம்.

கேள்வி: மேப்பில் பெஞ்ச் தேட முடியுமா?

பதில்: முடியும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெஞ்சுகளைத் தனித்தனியாகக் குறிக்கிறார்கள், முதுகுச் சாய்மானம் உண்டா என்பதுகூடச் சில இடங்களில் இருக்கும். அதை வைத்து இயங்கும் செயலிகளில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். குறிக்காத பெஞ்ச் கண்ணில் பட்டால் நீங்களும் சேர்த்துவிடுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.

கேள்வி: மெட்ரோவில் கேட்டைத் தாண்டி உள்ளே போய், பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிடலாமா?

பதில்: கொஞ்ச நேரம் என்றால் சரி. பல மெட்ரோக்களில் உள்ளே இருப்பதற்குக் கால வரம்பு உண்டு, மீறினால் வெளியேறும்போது அபராதம். படிக்கட்டை ஒட்டித்தான் எல்லோரும் நிற்பார்கள், பிளாட்பாரத்தின் கோடியில் இருக்கை காலியாகக் கிடைக்கும்.

கேள்வி: கைக்குழந்தையோடு வருகிறேன் அண்ணா. பால் கொடுக்க மறைவான இடம் கிடைக்குமா?

பதில்: நிலையத்தின் விசாரணை கவுண்டரில் பாலூட்டும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள் தங்கச்சி. பலகை வைக்காமலே சில இடங்களில் இருக்கும். பெரிய வணிக வளாகங்கள் சிலவற்றிலும் கழிப்பறைப் பக்கம் இப்படி அறை உண்டு, பொருள் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: நள்ளிரவில் இறங்கி, விடியும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே போகலாமா?

பதில்: வேண்டாம். நூலகம், பூங்கா எல்லாம் பூட்டியிருக்கும். நிலையம் இரவிலும் திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துவிட்டு, உள்ளேயே வெளிச்சமும் ஊழியர் நடமாட்டமும் உள்ள இடத்தில் உட்காருங்கள். பையின் வாரைக் கையிலோ காலிலோ சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், கையில் இருக்கும் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கிறது.