மாணவர் சங்கத்தில் சேரட்டுமா என்று கேட்ட தங்கைக்கு

திருச்சியிலிருந்து அப்பா அம்மாவுடன் அமெரிக்கா வந்து ஐந்து வருடம் ஆகிறது, கல்லூரியை இங்கேயே முடித்துவிட்டு வரும் ஆகஸ்டில் மிசௌரியில் ஆஸ்டியோபதி மருத்துவம், அதாவது கைச்சிகிச்சையும் சேர்த்துக் கற்றுத்தரும் டி.ஓ. படிப்பு, படிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். "முதல் வருடமே மாணவர் சங்கத்தில் சேரலாமா? படிப்பு கெட்டுவிடும் என்று அப்பா பயப்படுகிறார்" என்பது உன் கேள்வி. அக்கா என்று கூப்பிட்டிருப்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

சேர்ந்துவிடு. ஆனால் முதல் செமஸ்டரில் எந்தப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளாதே.

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. மாணவர் சங்கம் என்றதும் நம் ஊரில் ஸ்ட்ரைக்கும் போஸ்டரும்தான் நினைவுக்கு வரும். அவரிடம் ஒரு பழைய கதையைச் சொல். ஆஸ்டியோபதியை உருவாக்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-ல் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியை ஆரம்பித்தது, நீ போகும் அதே மிசௌரியில், கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில். ஐந்தே வருடத்தில், 1897-ல், அங்கே படித்தவர்களும் படித்து முடித்தவர்களும் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய அமெரிக்கன் ஆஸ்டியோபதிக் அசோசியேஷன். மாணவர்களுக்கென்றே தனியாக இருக்கும் சோமா என்ற சங்கம் 1970-ல் வந்தது. சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் கலிஃபோர்னியாவைச் சொல்வேன். 1962-ல் அங்கே டி.ஓ.க்கள், அதாவது ஆஸ்டியோபதி மருத்துவர்கள், 65 டாலர் கட்டி மற்ற மருத்துவர்கள் வாங்கும் எம்.டி. பட்டத்துக்கு மாறிக்கொண்டார்கள், புதிதாக டி.ஓ.க்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் நின்றுபோனது. அது திரும்பக் கிடைக்க 1974-ல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. தொழிலின் உரிமையைக் காக்க ஆள் வேண்டும், அதற்குத்தான் சங்கம்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். முதல் வருடத்தில் ஆசை மிகுதியில் சங்கத்தின் கல்லூரிக் கிளைச் செயலாளர், தடுப்பூசி முகாம், சீனியர்களின் கருத்தரங்கு வேலை என்று மூன்றையும் தலையில் ஏற்றிக்கொண்டேன். பயோகெமிஸ்ட்ரியில் ஃபெயில் ஆனேன். கோடை விடுமுறை முழுக்க அதையே திரும்பப் படித்தேன். அதனால்தான் முதல் செமஸ்டர் வேண்டாம் என்கிறேன். உடற்கூறியல், பயோகெமிஸ்ட்ரி, அதோடு கையால் தொட்டுப் பார்த்துப் படிக்கும் ஓ.எம்.எம். (ஆஸ்டியோபதி கைச்சிகிச்சை) லேப் எல்லாம் சேர்ந்து வரும். முதுகெலும்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரல் நுனிக்குத் தெரியவே எனக்கு மாதக் கணக்கானது. முதல் பரீட்சைகள் முடிந்த பிறகு ஒரே ஒரு பொறுப்பை எடுத்து, அதை ஒழுங்காகச் செய்.

இரண்டாம் வருடம் நான் அப்படித்தான் செய்தேன். சட்டம், கொள்கை சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டேன். அந்த வசந்தத்தில் டி.ஓ. டேக்காக வாஷிங்டன் போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் ஹில்லில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நாள் அது. பட்டம் வாங்கிய மருத்துவர்களுக்குச் சமூக கிளினிக்குகளில் ரெசிடென்சி பயிற்சி தரும் திட்டத்துக்கு மத்திய அரசின் நிதி தொடர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நான் புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். செனட்டரின் உதவியாளர் என்னைவிடச் சின்னப் பெண். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு பேனாவைக் கீழே வைத்தாள். "இதில் உனக்கு என்ன அக்கறை?" என்று கேட்டாள்.

படித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. மணப்பாறைக்குப் பக்கத்து கிராமத்தில் என் பாட்டி பிரஷர் மாத்திரைக்காக இரண்டு பஸ் மாறிப் போனதைச் சொன்னேன். நாங்கள் பயிற்சிக்குப் போன கிளினிக்கில் ஒரு விவசாயி, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, அதே மாத்திரைக்காக உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் மறுபடி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதே என்று வளர்ந்தவள் நான். பேராசிரியரிடம் சந்தேகம் கேட்பதற்குக்கூட வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருப்பேன். அந்த அறைக்குப் பிறகு அப்படி நின்றதில்லை. வார்டில் ஒரு மருந்தின் அளவு தவறாக இருக்கிறதே என்று சீனியரிடம் அங்கேயே சொல்ல முடிந்தது.

இன்னொன்று, ரெசிடென்சி இன்டர்வியூவுக்கு உதவும் என்று பதவிகளைச் சேர்க்காதே. என்னை இன்டர்வியூ செய்தவர்கள் யாரும் பதவிப் பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ எழுதிய தீர்மானம் என்ன ஆயிற்று?" என்றுதான் கேட்டார்கள். முதல் தடவை சங்கக் கூட்டத்தில் தோற்றது, திருத்தி எழுதி அடுத்த வருடம் கொண்டு போனேன் என்றேன். பேச்சு அதிலேயே இருபது நிமிடம் ஓடியது. அசோசியேஷனின் பிரதிநிதிகள் சபை ஜூலையில் சிகாகோவில் கூடும்போது வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பார். அங்கே மாணவப் பிரதிநிதிகளுக்கும் ஓட்டு உண்டு.

ஊரிலிருந்து அத்தை போன் செய்து "டி.ஓ.ன்னா எலும்பு வைத்தியமா?" என்று கண்டிப்பாகக் கேட்பார். வருத்தப்படாதே. பல நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கையால் செய்யும் சிகிச்சை மட்டும்தான். அமெரிக்காவில் டி.ஓ. முழு மருத்துவர், மருந்து எழுதலாம், அறுவைச் சிகிச்சையும் செய்யலாம். கிளையின் மேசையில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கி விளக்கித்தான் எனக்கு அத்தையிடம் தமிழில் சொல்லவும் வந்தது.

டி.ஓ. டேக்குப் போவதானால் பயணச் செலவைப் பற்றி முதலிலேயே கேட்டுக்கொள். எங்கள் கிளை பாதி கொடுத்தது, மீதிக்கு நான்கு பேர் ஒரே அறையில் தங்கினோம். வாஷிங்டனில் வசந்தத்திலும் காலையில் நன்றாகக் குளிரும், கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள். நாள் முழுக்க நடை இருக்கும், புது ஷூ வேண்டாம்.