தினசரி அறிக்கையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் மளிகைப் பொருள்களை மொத்தமாக விநியோகிக்கிறோம். கணக்கு டாலி மென்பொருளில் இருக்கிறது. தினமும் காலையில் என் தம்பி அதிலிருந்து விற்பனையையும் கடைக்காரர்களின் பாக்கியையும் எக்செலுக்கு இறக்கி, இரண்டு மணி நேரம் வெட்டி ஒட்டி அறிக்கை தயாரிக்கிறான். இந்த வேலை தானாகவே நடக்கும்படி செய்து தருவதாக ஒரு நிறுவனம் பவர் பிஐ மென்பொருளுக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. 12 பேருக்கு உரிமம், 40 பக்க டேஷ்போர்டு (எண்களைப் படமாகக் காட்டும் திரை). "எடிட் லாக் சட்டம் வந்துவிட்டது, இனி இது கட்டாயம்" என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது கணக்கு எழுதும் மென்பொருளுக்கான விதி. எழுதிய கணக்கைப் படம் போட்டுக் காட்டும் மென்பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சட்டத்தைக் காட்டி விற்க வருகிறவர் சொல்லும் மற்றவற்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

உங்கள் தம்பியின் இரண்டு மணி நேர வேலையில் பெரும்பகுதியை, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய எக்செலே செய்யும். 2016 பதிப்பிலிருந்து பவர் குவரி என்ற வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. டாலியிலிருந்து இறக்கிய கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, வேண்டாத தலைப்பு வரிகளை நீக்குவது, நெடுவரிசைகளைப் பிரிப்பது, நாள்வாரியாகச் சேர்ப்பது எல்லாவற்றையும் ஒருமுறை செய்து காட்டினால் போதும். அந்தப் படிகளை அது நினைவில் வைத்துக்கொள்ளும். மறுநாள் புதிய கோப்பை அதே ஃபோல்டரில் போட்டு ஒரு பொத்தானை அழுத்துவதுதான் மிச்ச வேலை. ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். பவர் பிஐக்குள்ளும் இதே பவர் குவரிதான் இருக்கிறது என்பதால், பின்னால் அங்கே போனாலும் இந்த உழைப்பு வீணாகாது.

அந்த ஒரு மாதத்தில் வேறு சில விஷயங்களும் வெளிப்படும். ஒரே கடை 'முருகன் ஸ்டோர்', 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என இரண்டு லெட்ஜராக இருக்கும். திரும்பி வந்த சரக்கை அன்றைய விற்பனையில் கழிப்பதா, பில் போட்ட நாளில் கழிப்பதா என்று யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் தம்பி தினமும் மனத்துக்குள்ளேயே சரிசெய்து வந்திருப்பார். இயந்திரத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தவறான எண்ணை அழகான வண்ணத்தில், சரியான நேரத்துக்கு அனுப்பிவிடும்.

இதற்குப் பிறகும் பலர் காலையில் கைபேசியிலேயே பார்க்க வேண்டும் என்றால், வாங்குங்கள். அப்போது உரிமத்தின் எண்ணிக்கையில் கவனமாக இருங்கள். அறிக்கை தயாரிக்கும் டெஸ்க்டாப் மென்பொருள் இலவசம். விண்டோஸில் மட்டும் ஓடும். அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் ப்ரோ என்ற கட்டண உரிமம். உங்களைப் போன்ற சிறு அமைப்பில், தயாரிப்பவருக்கு மட்டுமல்ல, பார்க்கிறவருக்கும் அது வேண்டும். அதன் அமெரிக்கப் பட்டியல் விலை 2025 ஏப்ரலில் தலைக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலராக ஏறியது. 12 பேருக்கு மாதம் 168 டாலர் ஆகிறது. ரூபாயில் என்ன விலை, அதில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் 12 பேரும் எதற்கு? லைனுக்குப் போகும் விற்பனையாளருக்குத் தன் கடைகளின் பாக்கிப் பட்டியல் போதும். அதை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மூன்று உரிமங்களில் காரியம் முடியும் என்பது என் கணிப்பு.

உரிமச் செலவை மிச்சம் பிடிக்க, அறிக்கையை இணையத்தில் பொது இணைப்பாக வெளியிடும் 'பப்ளிஷ் டு வெப்' என்ற வழியைச் சிலர் காட்டுவார்கள். வேண்டாம். அந்த இணைப்புக்குக் கடவுச்சொல் கிடையாது. அது கைக்குக் கிடைத்த எவரும், உங்கள் போட்டியாளர் உட்பட, எந்தக் கடை எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்று பார்க்கலாம்.

விலைப்புள்ளி கொடுத்தவரிடம் 40 பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. தரவு எந்த வழியாக மேலே போகிறது என்று மட்டும் கேளுங்கள். உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கும் கணக்கை இணையத்துக்கு அனுப்ப 'கேட்வே' என்ற சிறு மென்பொருளை ஒரு கணினியில் நிறுவுவார்கள். அந்தக் கணினி அணைந்திருந்தால் அன்றைக்குப் புதுப்பித்தல் நடக்காது. டாலியிலிருந்து ஓடிபிசி (ஒரு மென்பொருளின் தரவை இன்னொன்று படிக்கும் வழி) வழியாக எடுப்பதாக இருந்தால், கணினியில் டாலியும் அதற்குள் உங்கள் கம்பெனிக் கணக்கும் திறந்தே இருக்க வேண்டும். கணக்காளர் இரவு எட்டு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகிற அலுவலகத்தில் இது எப்படி நடக்கும்? புதுப்பித்தல் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அதற்கான நேர அட்டவணையையே நிறுத்திவிடும். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல் யாருக்குப் போகும் என்பது அடுத்த கேள்வி. பவர் பிஐயில் ஜிமெயில் முகவரியை வைத்துக் கணக்குத் தொடங்க முடியாது, நிறுவன முகவரி வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால், விற்பவர் தன் கணக்குக்குள்ளேயே உங்கள் அறிக்கையை வைத்துவிடுவார். பிறகு அவரை மாற்ற நினைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். முதலில் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, கணக்கை உங்கள் பெயரில் தொடங்குங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் ஓடும் பவர் பிஐயில் 'இன்று' என்பது நம் இன்று அல்ல, யுடிசி என்ற உலகப் பொது நேரப்படியானது. அதிகாலை 5 மணிக்குப் புதுப்பித்தால், 'இன்று' என்று எழுதிய சூத்திரம் நேற்றைய தேதியைத்தான் எடுக்கும். 5.30 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சூத்திரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எஸ்க்யூஎல் சர்வர் 2016 என்ற தரவுத்தள மென்பொருளின் அறிக்கைப் பகுதியான ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வழியாகத் தினமும் 60 அறிக்கைகள் மின்னஞ்சலில் போகின்றன. எல்லாவற்றையும் டேஷ்போர்டாகத் திரும்ப எழுத வேண்டும் என்கிறார் மென்பொருள் விற்பவர்.

பதில்: மாற வேண்டும் என்பது சரி, 2016 பதிப்புக்கான நீட்டித்த ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். திரும்ப எழுத வேண்டும் என்பது சரியல்ல. ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் கடைசிப் பதிப்பு 2022. அதற்கு 2033 ஜனவரி வரை ஆதரவு உண்டு. அதன் இடத்துக்கு வந்த பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரும் உங்கள் அறிக்கைகளின் ஆர்டிஎல் வகைக் கோப்புகளை ஏற்கும். அச்சிட்டுக் கையெழுத்து வாங்கும் அறிக்கையை டேஷ்போர்டாக்குவதால் ஆலைக்கு என்ன பயன்?

எதைக் கொண்டுபோவது என்பதைப் பழைய சர்வரிடமே கேட்கலாம். யார், எந்த அறிக்கையை, எப்போது திறந்தார்கள் என்பது எக்ஸிக்யூஷன் லாக்கில் இருக்கிறது. இயல்பாக அது 60 நாள் விவரத்தை மட்டுமே வைத்திருக்கும். அதில் தெரியவில்லை என்று ஆண்டு முடிவு அறிக்கையை நீக்கிவிடாதீர்கள். மின்னஞ்சலில் போவதை யாராவது படிக்கிறார்களா என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. சந்தேகமானவற்றை ஒரு வாரம் சத்தமில்லாமல் நிறுத்திப் பாருங்கள். யாரும் கேட்டு வரவில்லை என்றால் அதற்கு இடமாற்றமே வேண்டாம்.

மாற்றத் தொடங்கும் முன், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் குறியாக்கச் சாவியைப் பழைய சர்வரிலிருந்து பிரதி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் போனால், சேமித்து வைத்த கடவுச்சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: முழுப் பணமும் கொடுத்த பிறகு டேஷ்போர்டின் மூலக் கோப்பைத் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து அதிலேயே பிழைப்பவர் வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. நீங்கள் அந்த வகையில் வராவிட்டால் இது ஒப்பந்தச் சிக்கல்தான். கொள்முதல் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடுத்த ஆணையில், பவர் பிஐயின் மூலக் கோப்பான பிபிஐஎக்ஸ் கோப்பு உங்களுக்கே சொந்தம் என்று எழுதுங்கள். கடைசித் தவணையை, ஒரு மாத முடிவுக் கணக்கு டாலியோடு ஒத்துப்போன பிறகு கொடுங்கள்.