ஏஐ பாதுகாப்பைக் கண்காணிப்பதில் ஊழியர்களுக்கு என்ன வேலை?

அரசும் நிர்வாகமும் இருக்கும்போது ஊழியர்கள் எதற்கு என்று கேட்கிறீர்கள். வெளியாகாத ஒரு ஏஐ மாடல் சோதனையில் என்ன செய்தது, எந்தச் சோதனை அவசரத்தில் சுருக்கப்பட்டது என்பதெல்லாம் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நிறுவனமே எழுதிக் கொடுக்கும் அறிக்கை.

ஆனால் தெரிந்ததைச் சொல்ல முடிய வேண்டுமே! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயிலிருந்து விலகுபவர்கள் நிறுவனத்தைக் குறைசொல்ல மாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும், மறுத்தால் ஏற்கெனவே சம்பாதித்த நிறுவனப் பங்குகளே பறிபோகலாம் என்ற நிபந்தனை இருந்தது 2024 மே மாதம் அம்பலமானது. அதன் தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மன் வருத்தம் தெரிவித்தார், நிபந்தனை கைவிடப்பட்டது. அடுத்த மாதமே ஓபன்ஏஐ, கூகுளின் ஏஐ பிரிவான டீப்மைண்ட் இரண்டின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 13 பேர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: வழக்கமான சட்டங்கள், சட்டமீறலை வெளிப்படுத்துபவரைத்தான் காக்கும். ஏஐயின் பல அபாயங்களுக்கு இன்னும் சட்டமே இல்லை. அப்புறம் எதை மீறல் என்பது? இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கத்தான் கலிஃபோர்னியாவின் எஸ்பி 53 சட்டம் 2025இல் வந்தது. பேரழிவு அபாயம் பற்றி எச்சரிக்கும் பாதுகாப்புப் பிரிவு ஊழியர்களைப் பழிவாங்க அது தடை விதிக்கிறது.

கூட்டாகக் குரல் கொடுத்தாலும் பலன் உண்டு. 2018இல் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எதிர்த்த பிறகு, ட்ரோன் காட்சிகளை ஏஐ மூலம் ஆராயும் மேவன் என்ற அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தை கூகுள் புதுப்பிக்கவில்லை.

சரி, ஊழியர்களை மட்டும் நம்பிவிடலாமா? கூடாது என்பேன். அவர்கள் கையிலும் நிறுவனப் பங்கு இருக்கிறது. 2023 நவம்பரில் ஓபன்ஏஐ இயக்குநர் குழு ஆல்ட்மனை நீக்கியபோது, 700க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அவர் பக்கமே நின்றார்கள். (பங்குக்காக மட்டுமே என்று சொல்ல மாட்டேன்.)