பூட்டிக் கிடக்கும் ஹோட்டல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் தெருவில் நாலு மாடி, 24 அறை ஹோட்டல் ஒன்று 2020இல் மூடியபடியே கிடக்கிறது. முதலாளி காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவரில் ஒருவர் கனடாவில். தெரு வியாபாரிகளும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து, இங்குள்ள பிள்ளைகளுக்கு வேலை பழக்கி நடத்த யோசிக்கிறோம். எங்கே தொடங்குவது?
– வியாபாரி, புறக்கோட்டை, கொழும்பு

பதில்: காணி உறுதியில் தொடங்குங்கள். கட்டடத்துக்குள் ஒரு மேசனை அனுப்ப முன்னர் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, வங்கி ஈடு ஏதும் இருக்கிறதா, இறந்தவரின் சொத்துக்கான மரணசாதன வழக்கு முடிந்ததா என்று சட்டத்தரணி மூலம் பாருங்கள். மூவரும் கூட்டுரிமையாளர் என்றால் மூவரின் கையொப்பமும் வேண்டும். இங்குள்ள ஒருவர் மட்டும் ஒப்பமிட்டுச் சாவியைத் தந்தால் வாங்காதீர்கள். மற்றவர்கள் பிறகு கேள்வி எழுப்பினால் நீங்கள் போட்ட பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். கனடாவில் இருப்பவர் தன் சார்பில் இங்கு ஒருவர் ஒப்பமிட அற்றோணித் தத்துவம் அனுப்பலாம்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. வெறும் கடதாசியில் எழுதிய பத்து வருடக் குத்தகைக்குப் பலமில்லை. எழுதியதும் பதிவு செய்துவிடுங்கள்.

இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்வது மூன்று வாசகங்கள். திருத்த வேலை நடக்கும் முதல் 12 மாதத்துக்கு வாடகை இல்லை. காலம் 10 வருடத்துக்குக் குறையாது, நீடிக்கும் உரிமையும் உண்டு. இடையில் உரிமையாளர்கள் முறித்தால் லிஃப்ட், வயரிங், குழாய் வேலைகளின் மீதிப் பெறுமதியைத் தரவேண்டும். இந்த மூன்றாவதை எழுதாமல் விட்டு, திருத்திய கட்டடத்தை மூன்றாம் வருடம் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

எந்தப் பெயரில் எடுப்பது? இலாபம் வேண்டாம், எல்லாம் பயிற்சிக்கே என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி பொருந்தும். அதில் பங்கு கிடையாது. போட்ட காசுக்கு வருமானம் எதிர்பார்க்கும் வியாபாரிகளுக்குப் பங்குக் கம்பனியோ கூட்டுறவுச் சங்கமோ வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசுங்கள். நன்கொடையா முதலீடா என்று தெரியாமல் சேர்த்த பணம்தான் பின்னர் சண்டையாகும்.

கேள்வி: பூட்டிக் கிடந்த ஹோட்டலுக்குள் போனால் தாங்க முடியாத நாற்றம். கழிவுக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் பெரிய தொகை சொல்கிறார். தண்ணீரை எப்படித் திறப்பது?
– சங்கச் செயலாளர், கொட்டாஞ்சேனை

பதில்: மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு குளியலறைத் துளையிலும், கொம்மோட்டிலும், பேசினிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் பாருங்கள். வளைகுழாயில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுவாயுவை மறிக்கிறது. வருடக்கணக்கில் பாவிக்காவிட்டால் அது வற்றி, நாற்றமும் கரப்பானும் நேரே அறைக்குள் வரும். அதன் பிறகும் நாறும் அறைகளில் மட்டும் குழாயைச் சோதியுங்கள்.

தண்ணீரை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. எல்லா வால்வையும் மூடிவிட்டு, மாடி மாடியாகத் திறந்து ஒழுக்குப் பாருங்கள். பழைய கல்வனைஸ் குழாயில் உள்ளே துரு அடைத்திருக்கும். மேல்மாடியில் தண்ணீர் நூலாக வந்தால் காரணம் பெரும்பாலும் பம்ப் அல்ல, அதுதான்.

கூரைத் தாங்கியை முதலில் சேறு போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சேறு இருந்தால் குளோரீன் அதிலேயே செலவாகிவிடும். பிறகு லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவில் குளோரீன்: 5000 லீற்றர் தாங்கிக்கு 65 வீதக் குளோரீன் தூள் ஏறக்குறைய 385 கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் மணம் வரும்வரை திறந்து மூடி, ஒரு மணித்தியாலம் விட்டு, முழுதும் வடித்துக் கழுவுங்கள். அந்தத் தூள் கொம்மோட் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் சேரக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். தாங்கி மூடி சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கொழும்பில் திறந்த தாங்கி ஒரு வாரத்தில் டெங்கு நுளம்பு வளர்க்கும்.

மின்சாரத்தை, எலி கடித்த வயரைத் தேடாமல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மின்சுற்றின் வயர்க் காப்பையும் 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவியால் அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அது பழுது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத குளியலறை கீசரை யாரும் தொட வேண்டாம்.

பால்கனிக்குக் கீழே சிமெந்து உதிர்ந்து கம்பி தெரிந்தால், பூசி மறைக்காதீர்கள். கடற்காற்றின் உப்பால் கம்பி துருப்பிடித்து ஊதிக் கொங்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே பூசினால் அடுத்த மழைக்கு அதுவும் விழும். சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றாக ஒலிக்கும் இடமெல்லாம் கொத்தி, கம்பிக்குப் பின்புறமும் துரு நீங்கத் தேய்த்த பிறகே திருத்தக் கலவை வைக்க வேண்டும். இதற்குப் பட்டயப் பொறியியலாளரின் எழுத்து மூல அறிக்கை கட்டாயம் எடுங்கள்.

கேள்வி: ஓ.எல். முடித்த பிள்ளைகள் 12 பேர் ஹோட்டல் வேலை பழக வரத் தயார். எப்படிப் பழக்குவது? சம்பளம் கொடுக்க வேண்டுமா?
– தாய், கிராண்ட்பாஸ்

பதில்: எல்லா மாடியையும் திறக்கும்வரை காத்திராமல், ஆறு அறை உள்ள ஒரு மாடியைப் பயிற்சி மாடியாக வைக்கச் சொல்லுங்கள். விரிப்பு, உறை, துவாய் எல்லாம் ஒரு சோடி கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலுமாரியில் என்று மூன்று சோடி வேண்டும். அறைக்கு ஒரு கட்டில், அதற்கு மேலும் கீழும் இரண்டு விரிப்பு, இரண்டு பேர் என்று கணக்கிட்டால் விரிப்பு 36, தலையணை உறை 36, துவாய் 36 போதும்.

முதல் வாரம் ஒரே கட்டில்தான். விரிப்பைக் கால்பக்கம் மெத்தையின் அடியில் செருகி, பக்கத்தில் தொங்கும் ஓரத்தைக் கட்டில் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து மெத்தை மேல் முக்கோணமாகத் தூக்கி வைத்து, கீழே மிஞ்சியதைச் செருகி, முக்கோணத்தை இறக்கி மறுபடி செருக வேண்டும். மூலை கடித உறை மாதிரிக் கூர்மையாக நிற்கும். இது கைவந்த பிறகுதான் நேரம் பார்க்கலாம். புதியவருக்கு ஓர் அறைக்கு ஒரு மணித்தியாலம் போகும். அனுபவசாலி அரை மணியில் முடிப்பார். தொடக்கத்திலேயே அவசரப்படுத்தினால் பிள்ளை கொம்மோட் துடைத்த துணியால் குவளையைத் துடைத்துவிடும். ஆகவே துணிக்கு நிறம்: சிவப்பு கொம்மோட்டுக்கு, மஞ்சள் பேசினுக்கு, நீலம் அறைக்கு.

சான்றிதழ் என்றால் தேசிய தொழிற்தகைமை 3 அல்லது 4ஆம் மட்டம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுள்ள நிறுவனத்தோடு, ஹோட்டலை நடத்தும் சங்கம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். சங்கமே அச்சடிக்கும் சான்றிதழ் அடுத்த ஹோட்டலில் செல்லாது. ஏற்கெனவே குசினியில் வேலை செய்த அண்ணன்மார் இருந்தால், முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஹோட்டல் தமிழில் மட்டும் ஓடாது; வரவேற்பு மேசைச் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தினமும் ஒரு மணி பழக்கச் சொல்லுங்கள்.

சம்பளம்: பயிற்சிக் காலம் எத்தனை மாதம், படி எவ்வளவு என்று சேரும் முன்னர் எழுத்தில் வாங்குங்கள். ஊழியராக எடுத்த நாளிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், பிள்ளை 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். விருந்தினர் காசு கொடுக்கும் அறையைப் பிள்ளை தனியாகச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டால் அது பயிற்சி அல்ல, வேலை. அந்த மாதமே சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள்.